இருக்கிற டிஸ்க்கை இல்லை என்று சொல்லலாமா?

விமர்சனம் என்றால் சினிமாவுக்கும் புத்தகத்துக்கும்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்த வாரம் ஒரு வாக்கியத்துக்கு விமர்சனம் எழுதப் போகிறேன். ஒரே ஒரு வாக்கியம். எழுதியவர் பெயர் தெரியாது. நல்ல நாவல்களைவிட அதிகம் பேர் படித்திருப்பார்கள் என்பது என் ஊகம். படித்தவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள் என்பது என் அனுபவம்.

'டிரைவ் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.'

இதுதான் அந்த வாக்கியம். கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக நிறுவும்போது வரும். இதிலென்ன விமர்சிக்க இருக்கிறது என்கிறீர்களா? கதையைக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் போன் செய்தான். அவனுடைய லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறதாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக சிஸ்டம் ஏற்றிவிடலாம் என்று பென் டிரைவைச் செருகியிருக்கிறான். பாதி வழியில் நின்றுவிட்டது.

"மாமா, ஹார்ட் டிஸ்க்கே இல்லைங்குது."

"இல்லைன்னா எப்படிடா? நேத்து வரைக்கும் ஓடிச்சில்ல?"

"ஓடிச்சு. இப்ப லிஸ்ட் காலியா இருக்கு. சர்வீஸ் கடைல கேட்டேன். டிஸ்க் செத்துப்போச்சு, புதுசு போடணும், 5,500 ரூபா ஆகும்கறாங்க."

"பேக்கப் எடுத்தியா?"

மௌனம். இந்த மௌனத்தின் அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னணியில் அக்காவின் குரல் கேட்டது. "அதுல அவர் போட்டோ எல்லாம் இருக்குடா." அத்தான் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி மூன்று வருஷப் படங்கள் அந்த லேப்டாப்பின் இன்னொரு பகுதியில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

ஆட்டோ பிடித்துப் போனேன். நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் என்ஜினீயர் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தோடு எனக்கு இருபது வருஷப் பழக்கம். அது சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்கிற அளவுக்குப் பழக்கம்.

விஷயம் ரொம்ப எளிமையானது. டிஸ்க் சாகவில்லை. அதோடு பேசத் தெரிந்த டிரைவர் அந்த பென் டிரைவில் இல்லை. அவ்வளவுதான்.

* * *

டிரைவர் என்றதும் ஸ்டியரிங் பிடிக்கிறவரை நினைக்காதீர்கள். இது ஒரு சின்ன சாஃப்ட்வேர். நம்மூர் பாஷையில் சொன்னால் துபாஷி. புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த மாதிரி. கவர்னருக்குத் தமிழ் தெரியாது. வெளியே நிற்கிற வியாபாரிக்கு பிரெஞ்சு தெரியாது. நடுவில் துபாஷி. ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கவர்னர். டிஸ்க், பிரிண்டர், வைஃபை எல்லாம் வெளியே நிற்கிறவர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாஷை. ஆளுக்கொரு துபாஷி வேண்டும்.

சிஸ்டம் ஒரு முறை ஏறிவிட்டால் பெரிய பிரச்னை இல்லை. பிரிண்டருக்கு டிரைவர் இல்லையா, நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஏற்றும்போதுதான் சிக்கல். டிஸ்க்கில் எழுத வேண்டுமானால் டிஸ்க்கின் டிரைவர் முதலில் வேண்டும். அது நிறுவும் சிடியிலோ பென் டிரைவிலோ இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை.

வெளியிலிருந்து ஒரு டிரைவரைக் கொண்டுவந்து நடுவில் சேர்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அந்த வழி எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று பார்த்தால், இந்த வாக்கியத்தின் குணமும் விளங்கும்.

* * *

முதல் காட்சி விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபரில் வெளிவந்தது. நிறுவ ஆரம்பித்ததும் நீலத் திரை வரும். அடியில் ஒரு வரி சில விநாடி நிற்கும். வேறு கம்பெனியின் ஸ்கஸி அல்லது ரெய்டு டிரைவர் சேர்க்க வேண்டுமானால் எஃப்6 அழுத்தவும் என்று சொல்லும். காபி எடுக்கப் போயிருந்தால் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

சரி, கவனமாக உட்கார்ந்து அழுத்தினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றும் நடக்காது. 'சரி, கேட்டுக்கொண்டேன்' என்று ஒரு வார்த்தை கிடையாது. அது பாட்டுக்கு ஃபைல்களை ஏற்றிக்கொண்டிருக்கும். அழுத்தினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வந்து நாலைந்து தடவை அழுத்துவோம். கொஞ்ச நேரம் கழித்து, எஸ் அழுத்து, ஃபிளாப்பியை ஏ டிரைவில் போடு என்று கேட்கும். ஃபிளாப்பிதான். சிடி போட்டால் ஆகாது.

ஆப்பிள் 1998-லேயே ஐமேக்கில் ஃபிளாப்பியைத் தூக்கிவிட்டது. அடுத்த சில வருஷங்களில் மற்றவர்களும் தூக்கினார்கள். அதே சமயத்தில்தான் சாட்டா டிஸ்க்குகள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்தன. அதாவது எக்ஸ்பிக்குத் தெரியாத கன்ட்ரோலர் உள்ளே வந்த நேரம் பார்த்து, அதைத் தெரியப்படுத்துகிற ஃபிளாப்பி வெளியே போய்விட்டது. நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒரே ஒரு ஃபிளாப்பி டிரைவ் இருந்தது. இரவல் நகை மாதிரி ஊரெல்லாம் சுற்றி வரும்.

இப்போது அந்த வரியை விமர்சகன் கண்ணோடு படியுங்கள். ஸ்கஸி அல்லது ரெய்டு. சாட்டா என்ற வார்த்தையே இல்லை. வீட்டில் ஒற்றை சாட்டா டிஸ்க் வைத்திருப்பவன், இது நமக்கில்லை, ஏதோ பெரிய கம்பெனிக்காரர்களுக்கு என்று விட்டுவிடுவான். பத்து நிமிஷம் கழித்து அடுத்த செய்தி வரும். உங்கள் கம்ப்யூட்டரில் டிஸ்க் எதையும் காணவில்லை. டிஸ்க்குக்கு மின்சாரம் வருகிறதா, வயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்கவும். தொடர முடியாது. வெளியேற எஃப்3.

கவனித்தீர்களா? நாலைந்து வரி எழுதியிருக்கிறார்கள். டிரைவர் என்ற சொல்லே அதில் கிடையாது. மின்சாரத்தைச் சந்தேகப்படச் சொல்கிறார்கள். வயரைச் சந்தேகப்படச் சொல்கிறார்கள். தன்னை மட்டும் சந்தேகப்படவில்லை. நல்லா ஓடிக்கொண்டிருந்த எத்தனை டிஸ்க்குகள் இந்த நாலு வரியால் கழற்றப்பட்டனவோ!

இதற்கு மக்கள் கண்டுபிடித்த வழிகள் சுவாரசியமானவை. பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ என்பதை ஐடிஇ என்று மாற்றினால் புது டிஸ்க் பழைய வேஷம் போட்டுக்கொண்டு எக்ஸ்பி முன்னால் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் வேஷத்தைக் கலைத்தால் நீலத் திரை. இன்னொரு வழி என்லைட் என்ற இலவச சாஃப்ட்வேர். எக்ஸ்பி சிடியைப் பிரித்து, டிரைவரை உள்ளே வைத்துத் தைத்து, புது சிடி போட்டுத் தரும். ஃபிளாப்பி வேண்டாம், எஃப்6 வேண்டாம். அந்தப் பெரிய கம்பெனி செய்யாததை, வெளியே ஒரு தனி ஆள் எழுதிக் கொடுத்தார்.

* * *

இரண்டாம் காட்சி விஸ்டா, 2007 ஜனவரி. நியாயமாகப் பாராட்ட வேண்டும். எஃப்6 போனது. 'லோட் டிரைவர்' என்று பட்டன் வந்தது. சிடி, பென் டிரைவ் எதிலிருந்தும் ஏற்றலாம். விண்டோஸ் 7-ஓடு டிஸ்ம் என்றொரு கருவியும் வந்தது. நிறுவும் ஃபைலைத் திறந்து நாமே டிரைவரைச் சேர்த்து மூடலாம். என்லைட் செய்ததைக் கம்பெனியே செய்தது.

இதில் ஒரு சூட்சுமம். நிறுவும் பென் டிரைவில் இரண்டு பெரிய பொட்டலங்கள் உண்டு. ஒன்று பூட், இன்னொன்று இன்ஸ்டால். முதலாவது நிறுவுகிற ஆள். இரண்டாவது நிறுவப்படுகிற சரக்கு. டிஸ்க் டிரைவரை இரண்டாவதில் மட்டும் சேர்த்துவிட்டு, ஏன் இன்னும் டிஸ்க் தெரியவில்லை என்று விடிய விடிய விழித்தவர்கள் உண்டு. நிறுவுகிற ஆளுக்கே கண் தெரிய வேண்டும் என்றால் முதலாவதிலும் சேர்க்க வேண்டும்.

ஆனால் வாக்கியங்கள் திருந்தவில்லை. 2015-ல் இன்டெல்லின் ஸ்கைலேக் வந்தது. அதன் யுஎஸ்பி, விண்டோஸ் 7-க்குத் தெரியாத புது வகை. பென் டிரைவிலிருந்து நிறுவப் போனவர்களுக்கு என்ன செய்தி வந்தது தெரியுமா? தேவையான சிடி/டிவிடி டிரைவர் இல்லை. ஐயா, நான் சிடியே போடவில்லையே! இதைவிட வேடிக்கை, கீபோர்டும் மவுஸும் அதே யுஎஸ்பியில்தான் இருந்தன. 'லோட் டிரைவர்' பட்டனை அழுத்த மவுஸ் வேண்டும். மவுஸ் அசைய அந்த டிரைவர் வேண்டும். மறுபடி பைத்தியம், கல்யாணம்.

மூன்றாம் காட்சிதான் அக்கா வீட்டு சோபா. 2020-ல் வந்த 11-ம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி என்று ஒரு நடுவாளை வைத்தார்கள். டிஸ்க் அவருக்குப் பின்னால் நிற்கும். அவருடைய டிரைவர் இல்லையென்றால் விண்டோஸ் நிறுவும் திரையில் பட்டியல் காலி. டிரைவ் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஸ்டோரேஜ் டிரைவருக்கு 'லோட் டிரைவர்' அழுத்தவும் என்று வரும்.

எக்ஸ்பியோடு ஒப்பிட்டால் முன்னேற்றம். டிரைவர் என்ற சொல் வந்துவிட்டது. ஆனால் எந்த டிரைவர்? யாருடையது? எங்கே கிடைக்கும்? சொல்லாது. சரி என்று லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போனால் அங்கே ஓர் இஎக்ஸ்இ ஃபைல் இருக்கும். நிறுவும் திரை கேட்பது ஐஎன்எஃப் ஃபைல். இஎக்ஸ்இயை அது கண்ணெடுத்தும் பார்க்காது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் பிரித்து, உள்ளே இருப்பதை பென் டிரைவில் போட்டுக் கொண்டுவர வேண்டும். வேறொரு கம்ப்யூட்டர் இல்லாத வீடாக இருந்தால்? சர்வீஸ் கடை. 5,500 ரூபாய்.

* * *

எங்களுக்கு ஆடிட்டிங் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒரு உதாரணம் சொல்வார். சரக்கைக் கணக்குப் பார்க்கப் போகிறாய். கிடங்கு பூட்டியிருக்கிறது. சாவி தரவில்லை. ரிப்போர்ட்டில் என்ன எழுதுவாய்? 'சரக்கு காணப்படவில்லை' என்று எழுதினால் நீ ஆடிட்டர் இல்லை, வதந்தி பரப்புகிறவன். 'கிடங்கு பூட்டியிருந்தது, சாவி தரப்படவில்லை, ஆகவே சரக்கு பற்றிக் கருத்துச் சொல்ல இயலவில்லை' என்று எழுது.

காணவில்லை என்பது இலக்கணப்படி பொய் இல்லைதான். அந்த சாஃப்ட்வேருக்குக் கண்ணில் படவில்லை, படவில்லை என்கிறது. ஆனால் படிப்பவன் காதில் எப்படி விழுகிறது? என் மருமகன் முதலில் சொன்ன வார்த்தையைப் பாருங்கள். 'இல்லைங்குது.' கடைக்காரர் ஒரு படி மேலே போய் 'செத்துப்போச்சு' என்றார். காணவில்லை, இல்லையாகி, செத்ததாக ஆக ஒரு போன் கால்தான் ஆயிற்று.

என்ஜினீயர் நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். அவர் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். "நேத்து அடிச்ச பஞ்சாங்கத்துல நாளைக்குப் பொறக்கப்போற குழந்தை பேரு எப்படி சார் இருக்கும்? ஹார்டுவேர் அப்புறம் வருது. அதுவும் இல்லாம டிரைவர்ங்கறது வீட்டு வேலைக்காரன் இல்ல, கஜானா சாவி வெச்சிருக்கறவன். கண்டவனை உள்ள விட முடியாது" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் டிரைவர், தவறான ஒரு அப்டேட் ஃபைலைப் படித்துத் தடுமாறியது. மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்தன. விமானங்கள் நின்றன. டிரைவர் இருக்கிற இடம் அப்படி. எல்லா டிரைவரையும் உள்ளே வைத்தே கொடு என்று நான் கேட்கவில்லை. கண்டதையும் ஏற்று என்றும் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்.

ஏனென்றால் அதற்குத் தெரியும்! கம்ப்யூட்டருக்குள் பிசிஐ பாதையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு கருவியும் நெற்றியில் இரண்டு எண்களை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று கம்பெனியின் எண். இன்னொன்று கருவியின் எண். இன்டெல்லின் எண் 8086. 1978-ல் அவர்கள் போட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயர்தான். இது போக, நான் என்ன வகை, டிஸ்க் சம்பந்தப்பட்டவனா, திரை சம்பந்தப்பட்டவனா என்றும் எழுதியிருக்கும். இதையெல்லாம் படிக்க டிரைவரே தேவையில்லை. எந்த டிரைவர் பொருந்தும் என்று தேடுவதே இந்த எண்களை வைத்துத்தான்.

ஆக, அந்தக் காலிப் பட்டியலைக் காட்டும்போதே அதற்குத் தெரிகிறது, இன்டெல் கம்பெனியின் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஒன்று உள்ளே இருக்கிறது, தன்னிடம் அதற்குத் துபாஷி இல்லை என்று. துய்ப்ளே ஒருநாளும் 'வெளியே யாருமே இல்லை' என்று சொல்லியிருக்க மாட்டார். 'யாரோ நிற்கிறார், என்ன சொல்கிறார் என்று புரியவில்லை, துபாஷியைக் கூப்பிடு' என்றிருப்பார்.

* * *

இப்படி எழுத முடியுமா, இது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. லினக்ஸ் பக்கம் போங்கள்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதனால் தொல்லை குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெபியன் என்றொரு லினக்ஸ் உண்டு. கொள்கைப் பிடிப்புள்ள ஆசாமிகள். மூலநிரல் திறந்து காட்டாத எதையும் அதிகாரபூர்வ சிடியில் சேர்க்க மாட்டோம் என்று பல வருஷம் இருந்தார்கள். விளைவு, பல லேப்டாப்களில் நிறுவும்போது வைஃபை வேலை செய்யாது. அதற்கான ஃபர்ம்வேர் தனியாரின் பூட்டிய சரக்கு. கொள்கை அவர்களுடையது, அவஸ்தை நம்முடையது.

ஆனால் அப்போதும் டெபியன் திரையில் வந்த செய்தியைப் பாருங்கள். உங்கள் ஹார்டுவேரில் சில இயங்க ஃபர்ம்வேர் ஃபைல்கள் வேண்டும், அவை என்னிடம் இல்லை, விடுபட்ட ஃபைல்களின் பெயர்கள் இவை என்று பட்டியல் போடும். பெயர், எழுத்துக்கு எழுத்து. அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு நெட் சென்டருக்குப் போய் இறக்கி வரலாம். இதுதான் நான் சொன்ன ஆடிட்டர் ரிப்போர்ட். கிடங்கு பூட்டியிருக்கிறது, சாவி எண் இது.

கடைசியில் 2022-ல் ஓட்டெடுப்பு வைத்து, ஃபர்ம்வேரையும் சேர்த்தே தருவது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கை தோற்றது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நிறுவ முடியாத சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது என் கட்சி.

இந்தப் பக்கம் விண்டோஸ் 11. 2021-ல் வந்தது. அதன் ஹோம் பதிப்பு நிறுவும்போதே நெட் இணைப்புக் கேட்டது. புது லேப்டாப்பின் வைஃபைக்கு டிரைவர் இல்லையென்றால் நெட் இல்லை. நெட் இருந்தால்தான் டிரைவர். இதற்கு எளிய வைத்தியம், ஆண்ட்ராய்டு செல்போனை யுஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போடுவது. பெரும்பாலும் வேலை செய்யும். இதையும் அந்தத் திரை சொல்லவில்லை. நம்மைப் போல அடிபட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். காசு கொடுத்து வாங்கிய பொருள். அதைத் துடைத்து மறுபடி ஓட வைக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம். டிரைவர் எங்கே என்று சொல்லாத வரை அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. நிஜத்தில் அது சர்வீஸ் கடைக்காரரின் நாணயத்தைப் பொறுத்தது. அந்தக் கடைக்காரரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அவரும் அதே வாக்கியத்தைத்தான் நம்பினார்.

* * *

நீங்கள் சிஸ்டத்தைத் துடைக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். பேக்கப் எடுங்கள். பழைய சிஸ்டம் ஓடும்போதே அதிலுள்ள டிரைவர்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். முன்னே சொன்ன டிஸ்ம் கருவியே ஒரு வரியில் எடுத்துத் தரும், ஐஎன்எஃப் ஃபைல்களாகவே. மூன்றாவது, பட்டியல் காலி என்று வந்தால் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். முதலில் டிஸ்க் டிரைவரைத் தேடுங்கள். பயாஸில் போய் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். ஆனால் ஏற்கெனவே அதில் இருக்கிற விண்டோஸ் பூட் ஆகாமல் அடம் பிடிக்கலாம். யோசித்துச் செய்யுங்கள்.

அந்த வாக்கியத்தை எழுதியவருக்கு நான் சிபாரிசு செய்கிற திருத்தம் இது. 'இன்டெல் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. அதன் டிரைவர் என்னிடம் இல்லை. எண் இது. இந்த எண்ணைச் சொல்லி லேப்டாப் கம்பெனியின் தளத்தில் தேடவும். டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம்.' ஐந்து வாக்கியம். எக்ஸ்பி காலத்திலேயே இந்த அளவுக்கு எழுத இடம் இருந்தது.

அக்கா வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. என் லேப்டாப்பில் டிரைவரை இறக்கிப் பிரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' அழுத்தினோம். அரை நிமிஷம் யோசித்தது. பிறகு பட்டியலில் பகுதிகள் வரிசையாக வந்து நின்றன. படங்கள் இருந்த பகுதியைத் தொடாமல் மற்றதில் சிஸ்டம் ஏற்றினோம். அதற்குள் மணி பத்தரை. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொடைக்கானலில் அத்தான் குல்லா போட்டுக்கொண்டு நிற்கிற படத்தைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ நேரம் இதெல்லாம் எங்கடா இருந்துது?"

"இங்கயேதான்க்கா இருந்துது."